தொடாமலே உதவும் ரோபோ: மாயா மத்தாரிச் செய்த வேலை

கேள்வி இதுதான்: "மெக்கட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாயா மத்தாரிச் என்ற பேராசிரியையின் உரையைப் பார்த்தேன். அவர் காட்டிய ரோபோ நோயாளியைத் தூக்குவதும் இல்லை, கையைப் பிடித்து அசைத்துவிடுவதும் இல்லை. எதிரே நின்று பேசுகிறது, கையை ஆட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இதை எப்படி உதவி என்று சொல்வது? இது பொறியியல்தானா, இல்லை விலை கூடிய பொம்மையா? இந்தத் துறைக்கு நான் வர முடியுமா?"

நியாயமான சந்தேகம். பக்கவாதம் வந்தவரின் கையை இன்னொருவர் பிடித்து அசைத்துவிடுவது ஒரு விஷயம், அவரே முயன்று அசைப்பது வேறு விஷயம். கை மறுபடி வேலைக்கு வர இரண்டாவதுதான் அதிகம் தேவை. அதைத் தினமும், சலிக்கச் சலிக்க, மாதக்கணக்கில் செய்ய வேண்டும். செய்யவைக்க ஆள் கிடைப்பதில்லை. மத்தாரிச் எடுத்துக்கொண்ட வேலை அந்த "செய்யவைப்பது"தான். அவர் இங்கே வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. அதைச் சொன்னால் உங்களுடைய மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

அவர் 1965இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் பிறந்தவர். 1981இல், பதின்ம வயதில், அமெரிக்கா வந்தார். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்து 1987இல் பட்டம் வாங்கினார். அடுத்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி. முதுகலை 1990இல், முனைவர் பட்டம் 1994இல். வழிகாட்டி ராட்னி புரூக்ஸ். தரையைத் தானே பெருக்கும் ரூம்பாவை விற்ற ஐரோபோட் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்றால் ஆள் யாரென்று பிடிபடும்.

எண்பதுகள்வரை ரோபோ ஆராய்ச்சி போன பாதை வேறு. சென்சார் சொல்வதை வாங்கு, அறை முழுவதற்கும் உள்ளுக்குள் ஒரு வரைபடம் போடு, திட்டமிடு, அப்புறம் ஓர் அடி நகரு. நகர்வதற்குள் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. புரூக்ஸ் 1986இல் இதைப் புரட்டிப் போட்டார். சுவர் வந்தால் விலகு, காலி இடம் தெரிந்தால் போ என்பது போன்ற சின்னச் சின்ன நடத்தைகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடட்டும், தேவைப்படும்போது மேலடுக்கு கீழடுக்கை அடக்கட்டும் என்றார். ரோபோக்கள் திடீரென்று சுறுசுறுப்பாக ஓட ஆரம்பித்தன. எதிரணி கேட்ட கேள்வியும் சரியானதுதான்: "வரைபடமே இல்லாத ரோபோவிடம் அந்த மூலைக்குப் போ என்றால் எப்படிப் போகும்?"

மத்தாரிச்சின் முதுகலை ரோபோ 'டோட்டோ' அதற்கான பதில். சுற்றிலும் ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் சோனார் சென்சார்கள், கூட ஒரு திசைகாட்டி. சுவரை ஒட்டியே அலையும். இடது பக்கம் சுவர், வலது பக்கம் சுவர், இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் தாழ்வாரம் என்று அடையாளங்களைக் கண்டுகொள்ளும். ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு சிறு நிரல் துண்டு. அடுத்தடுத்து வந்த அடையாளங்களின் துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். போக வேண்டிய இடத்தைச் சொன்னால் அந்த இடத்தின் துண்டு பக்கத்துத் துண்டுக்குச் சேதி அனுப்பும், அது அதன் பக்கத்துக்கு அனுப்பும், கடைசியில் ரோபோ நிற்கும் இடத்துக்குச் சேதி வந்துவிடும். எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கம் கிளம்ப வேண்டியதுதான். வரைபடம் உண்டு, ஆனால் அது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, நடத்தைகளுக்குள்ளேயே பரவிக் கிடந்தது. இன்றைக்குப் படித்தாலும் அழகான யோசனை.

முனைவர் பட்டத்துக்கு ஒரு ரோபோ போதவில்லை. 20 ரோபோக்கள், கூட்டத்துக்குப் பெயர் 'நெர்ட் ஹெர்ட்'. சக்கரம் வைத்த சின்ன வண்டிகள், முன்னால் கவ்வி, தரையில் கிடக்கும் வட்டத் தட்டுகளைப் பொறுக்கி ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். தலைவன் கிடையாது. மோதாமல் திரி, பின்தொடர், கூடு, கலை, வீடு திரும்பு என்று ஐந்து அடிப்படை நடத்தைகள். இவற்றைச் சேர்த்துப் போட்டால் பறவைக் கூட்டம்போல ஒன்றாக நகர்வது தானாக வந்தது. ஆனால் வேலை செய்யும்போது ஒன்றின் வழியை இன்னொன்று மறித்தது. ரோபோ அதிகமானால் வேலை வேகமாக முடியும் என்று நினைத்தால், ஓர் அளவுக்குமேல் நேர்மாறாகப் போகும்.

அதற்கு அவர் கண்ட தீர்வைக் கவனியுங்கள். எப்போது வழிவிடுவது, எப்போது முந்துவது, தட்டு கிடைத்த சேதியை எப்போது மற்றவர்களுக்குச் சொல்வது என்பதை ரோபோக்களே கற்றுக்கொள்ளும்படி செய்தார். ஒரு ரோபோவுக்குத் தன் வேலை முன்னேறினால் மட்டும் பரிசு என்று வைத்தால் அது வழிவிடக் கற்றுக்கொள்ளாது, வழிவிடுவதில் அதற்கு என்ன லாபம்? அதனால் பக்கத்து ரோபோ செய்வதையே செய்தாலும் ஒரு பரிசு, பக்கத்து ரோபோவுக்குக் கிடைத்த பரிசில் ஒரு பங்கு இதற்கும் என்று சேர்த்துக் கொடுத்தார். 1994இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே சமூகமாக நடந்துகொள்ளக் கற்பதைப் பற்றியது. மனிதர்களுக்கு உதவும் ரோபோ என்ற பேச்சே அப்போது அவரிடம் இல்லை. ஆனால் ஒருவர் பக்கத்தில் இருப்பது இன்னொருவர் செய்வதை எப்படி மாற்றுகிறது என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. என் கணிப்பில் அவருடைய மொத்த வாழ்க்கைக்கும் கேள்வி இது ஒன்றுதான். முதலில் ரோபோ பக்கத்தில் ரோபோ, பிறகு மனிதர் பக்கத்தில் ரோபோ.

1995இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆனார். 1997இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், அன்றிலிருந்து அங்கேதான். முதல் சில வருடங்கள் பல ரோபோக்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது, மனித அசைவைப் பார்த்துப் போலச்செய்வது என்று போயின. அந்தக் காலத்து மாணவர்களில் ஒருவர் பிரையன் கெர்கி. அவரும் சக ஆய்வாளர்களும் அங்கே எழுதிய பிளேயர்/ஸ்டேஜ் என்ற இலவச மென்பொருளை அன்று உலகம் முழுக்க ஆய்வகங்கள் பயன்படுத்தின. கெர்கி பின்னாளில், இன்று ரோபோக்களை இயக்கப் பரவலாகப் பயன்படும் ராஸ் மென்பொருளை வளர்த்தவர்களில் முக்கியமானவர். நீங்கள் லேபில் ஓட்டும் கசீபோ சிமுலேட்டரும் 2002இல் அதே பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது, ஆண்ட்ரூ ஹோவர்டும் நேட் கோனிக்கும் எழுதியது. ஆக, மத்தாரிச்சின் பெயரே தெரியாத மாணவர்கூட அந்த வளாகத்தின் வேலையை ஏதோ ஒரு வகையில் தினமும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

திருப்பம் 2000க்குப் பிறகு வந்தது. குழந்தைகள் பிறந்த பிறகு, "அம்மா என்ன வேலை செய்கிறாள்" என்று அவர்கள் கேட்டால் சொல்ல ஒரு நல்ல பதில் வேண்டும் என்று தோன்றியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கட்டுரை எண்ணிக்கையும் ரோபோ கூட்டமும் அந்தப் பதிலுக்குப் போதவில்லை. காரணத்தை இவ்வளவு எளிமையாகச் சொல்லும் பேராசிரியர்கள் குறைவு. பெரும்பாலும் நிதி எங்கே கிடைத்தது என்பதைத்தான் பிறகு லட்சியமாக எழுதுவார்கள்.

2005இல் அவரும் மாணவர் டேவிட் ஃபைல்-சைஃபரும் சேர்ந்து, மறுவாழ்வு ரோபோக்களுக்கான மாநாட்டில் ஒரு சிறு கட்டுரை கொடுத்தார்கள். துறைக்குப் பெயர் வைத்த கட்டுரை அது. அதுவரை உதவி ரோபோ என்றால் சக்கர நாற்காலி, செயற்கைக் கை, நோயாளியின் கையைப் பிடித்து அசைக்கும் இயந்திரம். எல்லாமே உடலோடு உடல் சேர்ந்த உதவி. இன்னொரு பக்கம் மனிதரோடு பேசிப் பழகும் ரோபோக்கள் இருந்தன, எம்ஐடியில் சிந்தியா பிரேசில் செய்த கிஸ்மெட் மாதிரி. அங்கே பழகுவதே நோக்கம். மத்தாரிச்சும் ஃபைல்-சைஃபரும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் போட்டார்கள்: நோக்கம் உதவி, வழி பழக்கம். தொடுதல் கிடையாது. சமூக உதவி ரோபோ என்பதற்கு இதுதான் வரையறை, இன்றும் இதையே எடுத்தாளுகிறார்கள்.

தொடாமல் இருப்பதில் நேரடியான லாபங்களும் உண்டு. நோயாளியின் கையைப் பிடிக்கும் இயந்திரம் ஒரு நொடி தவறினாலும் காயம், அதனால் விலையும் அனுமதி நடைமுறையும் மலைபோல ஏறும். எதிரே நின்று பேசும் ரோபோ பெரும்பாலும் எடை குறைந்தது, வீட்டில் வைக்கலாம். ஆனால் முக்கியக் காரணம் மருத்துவத்தில் இருக்கிறது.

பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை பலவீனமாகும். நல்ல கையால் எல்லாம் சுலபமாக முடிவதால் ஆள் பலவீனமான கையைத் தொடவே மாட்டார். கொஞ்சம் முன்னேறிய பிறகும் அந்தப் பழக்கம் போகாது. சட்டைப் பொத்தான், காபி டம்ளர், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் ஒரே கைதான். கை இருக்கிறது, திறனும் கொஞ்சம் இருக்கிறது, பயன்பாடு இல்லை. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் இதைக் கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்று விளக்கி, நல்ல கையைக் கட்டிவைத்து மற்றதைப் பழக்கும் சிகிச்சையை உருவாக்கினார். அது வேலை செய்கிறது. ஆனால் மணிக்கணக்கில் ஒரு தெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து ஊக்கப்படுத்த வேண்டும். அவ்வளவு தெரபிஸ்டுகள் எந்த ஊரில் இருக்கிறார்கள்?

இங்கேதான் மத்தாரிச், அதே பல்கலைக்கழகத்தின் பிசியோதெரபி பேராசிரியர் கரோலி வின்ஸ்டினோடு சேர்ந்தார். ஆரம்பச் சோதனையில் ரோபோ என்பது முகம்கூட இல்லாத ஒரு சக்கர வண்டி. நோயாளியின் பலவீனமான கையில் அசைவைப் பதியும் சென்சார். வேலை, பத்திரிகைகளை எடுத்து அலமாரியில் அடுக்குவது. கை அசைந்தால் வண்டி உற்சாகமாகப் பேசும், சும்மா இருந்தால் நினைவூட்டும். இவ்வளவு மொட்டையான ஏற்பாட்டிலேயே ஆட்கள் ரோபோவைக் கவனித்தார்கள், அதற்குப் பதில் சொல்லும் விதமாக நடந்துகொண்டார்கள். இயந்திரக் குரலைவிட முன்கூட்டியே பதிவுசெய்த மனிதக் குரல் அவர்களுக்குப் பிடித்தது.

அடுத்து ஆட்ரியானா டாபுஸ் என்ற ஆய்வாளர் மத்தாரிச்சின் ஆய்வகத்துக்கு வந்தார். கலகலப்பான சுபாவம் உள்ள நோயாளிக்கும் ஒதுங்கிய சுபாவம் உள்ளவருக்கும் ஒரே மாதிரி ரோபோ சரிப்படுமா என்று பார்த்தார்கள். ஒரு வகையில் ரோபோ கிட்டே வரும், வேகமாகப் பேசும், "இன்னும் முடியும், விடாதே" என்ற தொனியில் சவால் விடும். இன்னொரு வகையில் தள்ளி நிற்கும், மெதுவாக, "கஷ்டம்தான், தெரியும்" என்று ஆறுதலாகப் பேசும். அவரவர் சுபாவத்துக்கு ஒத்த ரோபோதான் அவரவருக்குப் பிடித்தது. ஒரு நல்ல தெரபிஸ்ட் ஆளைப் பார்த்ததும் செய்யும் வேலைதான் இது. ஆனால் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி நிற்பது, எவ்வளவு வேகத்தில் பேசுவது என்று எண்ணாக மாற்றினால்தான் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். "இது பொறியியலா" என்றீர்களே, இதோ இந்த மாற்றும் வேலைதான் பொறியியல்.

பக்கவாத வேலை அதோடு நிற்கவில்லை. 2023இல் நத்தானியேல் டென்லரும் குழுவும் 'சயன்ஸ் ரோபாட்டிக்ஸ்' இதழில் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஒரு ரோபோ கை, உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் வெவ்வேறு இடங்களில் ஒரு பொத்தானை நீட்டும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு ரோபோ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். முதலில் இஷ்டப்பட்ட கையால் தொடலாம். பிறகு பலவீனமான கையால் மட்டும். எந்தெந்த இடங்களில் அந்தக் கையால் எட்ட முடிந்தும் அவர் எட்டவில்லை என்பது முப்பரிமாணப் படமாகக் கிடைக்கிறது. முடிந்தும் செய்யாதது எங்கே என்று வரைந்து காட்டுவது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வேலைகளில் ஒன்று. டெமோ வீடியோவில் இது எடுபடாது, ஒரு தெரபிஸ்டின் கையில் கொடுத்தால் மதிப்புத் தெரியும்.

நீங்கள் உரையில் பார்த்த ரோபோ அநேகமாக பாண்டிட். சக்கர மேடைமேல் மனித உருவின் மேல்பாதி, அசையும் புருவம், அசையும் வாய், இரண்டு கைகள். மனித முகத்தை அப்படியே காப்பியடிக்கவில்லை, வேண்டுமென்றேதான். முகம் நிஜம்போல ஆக ஆக மக்கள் அதனிடம் நிஜ மனிதரின் புத்தியை எதிர்பார்ப்பார்கள், அது கிடைக்காதபோது எரிச்சல் வரும். மத்தாரிச்சின் மாணவர் ஹுவான் ஃபசோலா பாண்டிட்டை முதியவர்களுக்கான உடற்பயிற்சி ஆசிரியராக்கினார். உட்கார்ந்தபடியே கையை உயர்த்தும் பயிற்சிகள், ரோபோ செய்து காட்டும், கேமராவில் பார்த்துத் திருத்தும், பாராட்டும். அதே பாண்டிட்டைத் திரையில் காட்டியும் சோதித்தார்கள். வார்த்தை, அசைவு எல்லாம் ஒன்றுதான். எதிரே நிற்கும் ரோபோவைத்தான் முதியவர்கள் அதிகம் ரசித்தார்கள், அதுதான் அதிகம் பயனுள்ளது என்றும் மதிப்பிட்டார்கள். "ஒரு டேப்லெட் ஆப் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு இந்தத் துறை வைத்திருக்கும் முதல் பதில் இதுதான். முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன். பிடித்திருந்தது என்பதும் உடம்பு தேறியது என்பதும் ஒன்றல்ல.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு செய்த வேலை தனிக்கதை. ஃபைல்-சைஃபர் செய்த ஒரு சோதனையை எப்போதும் உதாரணமாகச் சொல்வேன். ரோபோமேல் ஒரு பெரிய பொத்தான், கூடவே சோப்புக் குமிழி ஊதும் கருவி. ஒரு சமயம், குழந்தை பொத்தானை அழுத்தினால் குமிழி வரும். இன்னொரு சமயம், அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் குமிழி தன் இஷ்டத்துக்கு வரும். குமிழி என்னவோ அதே குமிழிதான். குழந்தை செய்ததற்குப் பதிலாகக் குமிழி வந்தபோதுதான் பேச்சும் பழக்கமும் கூடின, ரோபோவோடு மட்டுமல்ல, அறையில் இருந்த பெற்றோரோடும். சோதித்த குழந்தைகள் கொஞ்சம் பேர்தான், அதனால் இதை வைத்துச் சிகிச்சை என்று பேசக் கூடாது. ஆனால் யோசனை தெளிவானது. குழந்தையை இழுத்தது பளபளப்பு இல்லை, தான் செய்ததற்குப் பதில் வருகிறது என்பது.

எல்லாக் குழந்தைகளுக்கும் ரோபோ பிடித்தது என்றும் நினைக்காதீர்கள். சிலர் சுவரை ஒட்டி நின்றார்கள், சிலர் அம்மாவின் பின்னால் ஒளிந்தார்கள். அதையும் வீணாக்காமல், அறையில் குழந்தை, பெற்றோர், ரோபோ மூவருக்கும் இடையிலான தூரத்தை மட்டும் வைத்து, குழந்தைக்கு இந்த நிமிடம் பிடிக்கிறதா, பயப்படுகிறதா என்று ரோபோ தானே கண்டுகொள்ளும் முறையை 2011இல் வெளியிட்டார்கள். நெர்ட் ஹெர்ட் நினைவுக்கு வருகிறதா? யார் யாருக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்ற அதே கணக்கு.

ஆய்வகத்தில் அரை மணி நேரம் குழந்தை ரசிப்பது பெரிய விஷயமில்லை, புதுசு என்றால் யாரும் ரசிப்பார்கள். புதுமை மங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அதனால் வீட்டுக்குள் போனார்கள். கிவி என்ற, மேஜைமேல் நிற்கும், இறகு போர்த்திய ஒரு சின்ன ரோபோ ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீடுகளில் ஒரு மாதம் இருந்தது. டேப்லெட்டில் கணக்கு விளையாட்டு, பக்கத்தில் கிவி. ஏழு குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஷோமிக் ஜெயினும் மற்றவர்களும் 2020இல் எழுதினார்கள். குழந்தை கவனிக்கிறதா இல்லையா என்பதைச் சுமார் 90 சதவீதம் சரியாகக் கணினி ஊகித்தது. கடந்த ஒரு நிமிடத்துக்குள் ரோபோ பேசியிருந்தால் குழந்தை கவனித்த நேரம் சுமார் 70 சதவீதம், ஒரு நிமிடத்துக்கு மேல் அது வாய்திறக்காமல் இருந்தால் 50க்கும் கீழே. எப்போது குறுக்கே பேசுவது என்பது இங்கே இவ்வளவு முக்கியம்.

மத்தாரிச் தனியாள் இல்லை. இங்கிலாந்தில் கெர்ஸ்டின் டாட்டன்ஹான் குழுவின் காஸ்பர் என்ற குழந்தை உருவ ரோபோ, ஜப்பானில் தகனோரி ஷிபாதாவின் பாரோ என்ற சீல் குட்டி உருவ ரோபோ, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஸ்காசெலாட்டி என்று பலர் உண்டு. 2012இல் ஸ்காசெலாட்டி தலைமையில், மத்தாரிச்சும் சேர்ந்து, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடமிருந்து ஐந்து வருடத்துக்கு 1 கோடி டாலர் திட்டம் வாங்கினார்கள். 2018இல் யேல் குழு 12 குழந்தைகளின் வீட்டில் 30 நாள், தினம் அரை மணி நேரம் ரோபோ வைத்த ஆய்வை வெளியிட்டது. ரோபோ இல்லாத நேரத்திலும் பெரியவர்களோடு கண் பார்த்துப் பழகுவது மேம்பட்டதாகக் கண்டார்கள். விருதுகளும் வந்தன: அமெரிக்க அதிபரின் வழிகாட்டிகளுக்கான விருது, கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் அமைப்பின் 2024-25 அதீனா விரிவுரையாளர் கௌரவம்.

சமீபத்தில் மத்தாரிச் குழுவினர், சாட்ஜிபிடி போன்றவற்றுக்குப் பேச்சைத் தரும் பெரிய மொழி மாதிரிகளையும் எடுத்துக்கொண்டார்கள். பிளாசம் என்பது கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த, நூலால் பின்னிய உறை போட்ட எளிய ரோபோ. அதை மாற்றியமைத்து, 38 கல்லூரி மாணவர்களுக்கு 15 நாள், பதற்றத்தைக் கையாளும் மனநலப் பயிற்சிகள் கொடுத்தார்கள். சிலருக்கு ரோபோ, சிலருக்கு வெறும் சாட்பாட், சிலருக்குத் தாளில் அச்சடித்த பயிற்சி. ரோபோவுக்கும் சாட்பாட்டுக்கும் பேச்சைத் தந்தது மொழி மாதிரிதான். பயிற்சி முடிந்த கையோடு மன உளைச்சல் குறைந்ததில் ரோபோ கை ஓங்கியது, சாட்பாட் தாளைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பேச்சு ஒன்றுதான், உடம்புதான் வித்தியாசம். இந்த ஆய்வையும் சின்ன ஆய்வு என்ற நினைப்போடுதான் படிக்க வேண்டும்.

இனி பொம்மை என்ற குற்றச்சாட்டு. அதன் பலமான வடிவம் ஆய்வகத்தில் இல்லை, சந்தையில் இருக்கிறது. 2016இல் மத்தாரிச், பாலோ பிர்ஜானியனோடு சேர்ந்து எம்பாடிட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவர்களுடைய மாக்ஸி, ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகளோடு பேசி, உணர்வுகளைச் சொல்லப் பழக்கும் ரோபோ. 2020இல் 1,499 டாலர் விலையில் அறிவித்தார்கள், பிறகு 799க்கு இறங்கியது. 2024 டிசம்பரில், எதிர்பார்த்த முதலீடு கைவிட்டுப்போனதால் கம்பெனியை மூடுவதாக அறிவித்தார்கள். மாக்ஸியின் பேச்சு ஓடியது இணையத்தில் இருந்த சர்வர்களில். சர்வர் நின்றால் ரோபோ வாயடைத்துப்போகும். குழந்தைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்குக் கடிதம் தயாரித்துக் கொடுக்கும் நிலைமை வந்தது. பிறகு, வீட்டுக் கணினியிலேயே சர்வரை ஓட்டிக்கொள்ள ஓப்பன்மாக்ஸி என்ற மென்பொருளை வெளியிட்டார்கள், கைவந்தவர்களுக்கு அது ஓரளவு உதவியது. முன்னே சொன்ன சிந்தியா பிரேசில் தொடங்கிய ஜிபோ என்ற வீட்டு ரோபோவுக்கும் 2019இல் ஏறத்தாழ இதே கதி.

பழகுவதுதான் இந்த ரோபோ வேலை செய்யும் விதம், அப்படியானால் பழக்கம் அறுவதும் அதன் பக்கவிளைவாகிறது. சக்கர நாற்காலி கம்பெனி மூடினால் நாற்காலி நாற்காலியாகவே இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஆராய்ச்சித் திட்டத்தில் நிதி முடிந்த பிறகு ரோபோவை வீட்டிலிருந்து எப்படித் திரும்ப எடுப்பது என்பதையும் ஆரம்பத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கட்சி. சர்வர் இல்லாமல் குறைந்தபட்சம் என்ன செய்யும் என்பதையும் வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். இன்னொன்று, யார் காசு கொடுப்பது? பெற்றோரின் கிரெடிட் கார்டை நம்பினால் முடிவு மாக்ஸிதான். 2022இல் நியூயார்க் மாநில முதியோர் அலுவலகம், தனியாக வாழும் 800க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு எல்லிக்யூ என்ற மேஜை ரோபோவைக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. அரசோ காப்பீடோ பணம் கொடுத்தால்தான் இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

"ஆள் வைக்க வேண்டிய இடத்தில் இயந்திரத்தை வைக்கிறார்கள்" என்ற எதிர்ப்பும் உண்டு. மத்தாரிச் தொடர்ந்து சொல்வது, ஆளை மாற்றுவது நோக்கமில்லை, ஆள் இல்லாத மணிநேரங்களுக்குத்தான் ரோபோ என்று. அவர் அப்படிச் சொல்வதை நம்புகிறேன். வாங்குகிற நிர்வாகமும் அப்படியே நினைக்கும் என்று நம்பவில்லை.

சரி, நீங்கள் வர முடியுமா? தாராளமாக. மெக்கட்ரானிக்ஸ் நல்ல அடித்தளம். ஆனால் உங்கள் படிப்பில் இல்லாத இரண்டு விஷயங்களை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும். குமிழிச் சோதனையை மறுபடி பாருங்கள், அதன் திறமை மோட்டாரில் இல்லை, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி ஒப்பிட்டதில் இருக்கிறது. இன்னொன்று வீடியோ குறிப்பெடுக்கும் பொறுமை. இந்தத் துறையின் வேலையில் பெரும்பகுதி, பதிவை ஓட்டி, குழந்தை இந்த வினாடி ரோபோவைப் பார்க்கிறதா, பெற்றோரைப் பார்க்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது. அது உங்களுக்கு அலுப்பாக இருந்தால் ரோபோ கை, டிரோன் பக்கம் போய்விடுங்கள், தப்பே இல்லை.

தொடங்க, மத்தாரிச்சின் 'தி ரோபாட்டிக்ஸ் பிரைமர்' படியுங்கள், 2007இல் எம்ஐடி பிரஸ் வெளியிட்டது, பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும். பிறகு 2005 கட்டுரை, சில பக்கங்கள்தான். கடைசி வருட புராஜெக்டுக்குப் பெரிய மனித உருவமெல்லாம் வேண்டாம். பிளாசத்தின் வடிவமைப்பு பொதுவில் கிடைக்கிறது, 3டி பிரிண்டரும் நாலைந்து சர்வோ மோட்டாரும் இருந்தால் செய்யலாம். கோட் எழுத உட்காருவதற்கு முன்னால், பக்கத்து ஊர் பிசியோதெரபி மையத்தில் அனுமதி கேட்டு ஒரு வாரம் ஓரமாக உட்காருங்கள். நோயாளி எந்த நிமிடத்தில் பயிற்சியை நிறுத்துகிறார், தெரபிஸ்ட் அப்போது என்ன சொல்கிறார், எவ்வளவு கிட்டே வருகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். கேமரா வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும். கேமரா கொண்டுபோக வேண்டும் என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் முதலில் வாங்குங்கள். அதற்கே மாதங்கள் ஆகலாம், ஆகவே ஏழாம் செமஸ்டர் வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.